சி.வி.யில் மூன்று வருடம், நிஜத்தில் ஒரு நாள்கூட இல்லை. இந்தப் பையனை எடுக்கலாமா?

மிட்ராண்ட்வாசி | திங்கள், இரவு 9.12

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் குழுவுக்கு ஒரு ஆள் எடுக்கிறோம். குழுவுக்குப் பொறுப்பு நான்தான். விளம்பரத்தில் 'குறைந்தது 2 வருட அனுபவம்' என்று போட்டிருந்தோம். நானூறு சொச்சம் சி.வி. வந்தது. எச்.ஆர். வடிகட்டி பதினெட்டை என்னிடம் அனுப்பினார்கள்.

அதில் ஒருவன் நம்ம பையன். குடும்பம் இங்கே தென்னாப்பிரிக்காவில் பெர்மனன்ட் ரெசிடென்ஸோடு பல வருடமாக இருக்கிறது. அவன் கோயம்புத்தூரில் கல்லூரி முடித்துவிட்டு, சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்ததாகப் போட்டிருந்தான். நாங்கள் ஒரு பயிற்சி அப்ளிகேஷன் கொடுப்போம். அதில் வேண்டுமென்றே 12 தப்புகளைப் புதைத்து வைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரம். மற்றவர்கள் ஐந்து, ஆறு கண்டுபிடித்தார்கள். இவன் 11. அதோடு நாங்கள் வைக்காத ஒரு தப்பையும் எழுதிக் கொடுத்தான். போய்ப் பார்த்தால் அது உண்மையிலேயே தப்பு!

அப்புறம் பேச உட்கார்ந்தோம். ரிலீஸ் நாள் ராத்திரி எப்படி இருக்கும், டெவலப்பர் 'இது தப்பே இல்லை' என்று சண்டை போட்டால் என்ன செய்வாய் என்றேன். வகுப்பில் நோட்ஸ் ஒப்பிப்பது போலப் பதில் வந்தது. அந்தச் சண்டை போடாத டெஸ்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. சந்தேகம் வந்து, பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். 'எங்கள் கம்பெனியில் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள் சார்' என்றான். அவன் கொடுத்த கடிதத்தின் அடியிலேயே '150 ஊழியர்கள் கொண்ட நிறுவனம்' என்று அச்சடித்திருக்கிறது. இந்தியாவில் 20 பேர் இருந்தாலே பி.எஃப். கட்டாயம். இதைச் சொன்னதும் தலையைக் குனிந்துவிட்டான்.

நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தானாம். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், ரிலீவிங் லெட்டர், பேஸ்லிப், நாம் போன் செய்தால் 'ஆமாம், எங்களிடம்தான் இருந்தார்' என்று சொல்ல ஒரு ஆள். எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ்.

இதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அதே வாரம் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து எனக்கு நேரடியாக மெயில். விண்ணப்பித்த பத்தே நிமிடத்தில் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்ததாம், காரணம் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டிருந்தார். எடுத்துப் பார்த்தேன். 12 மாதம் யெஸ் என்ற இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் செய்திருக்கிறார். அப்புறம் எட்டு மாதம் வேலை இல்லை. இரண்டையும் அப்படியே எழுதியிருக்கிறார். மெஷின் வடிகட்டிவிட்டது.

பொய் சொன்னவன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான், உண்மை சொன்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இப்போது நான் என்ன செய்ய?

கோப்பும்காப்பியும் | திங்கள், இரவு 9.47

சாண்ட்டனில் பதினோரு வருடமாக எச்.ஆர்.ரில் இருக்கிறேன். பதில் சுலபம். பையன் வேண்டாம்.

11 தப்பு கண்டுபிடித்தான் என்கிறீர்கள். டெஸ்டரின் வேலை என்ன? 'சோதித்துவிட்டேன், சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடுவது. சோதிக்காமலே அவன் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த நாட்டில் இது ஒன்றும் சின்ன விஷயமும் இல்லை. ப்ராசா ரயில் நிறுவனத்தில் இன்ஜினியரிங் பிரிவின் தலைவராக இருந்தவர் இல்லாத டாக்டர் பட்டத்தைப் போட்டுக்கொண்டார். போதாததற்கு, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது என்று ஒரு போலிக் கடிதத்தைக் காட்டிச் சம்பளத்தையும் ஏற்றிக்கொண்டார். 2015இல் வெளியே வந்தது, 2025இல் 15 வருடச் சிறை. 2014இல் முன்னாள் மந்திரி பால்லோ ஜோர்டான் இல்லாத டாக்டர் பட்டத்துக்காகப் பார்லிமென்ட் பதவியையே விட்டுப் போனார். நிறவெறி எதிர்ப்புப் போராட்டக் காலத்திலிருந்து எல்லோரும் மதித்த மனிதர்.

நாங்கள் இப்போது படிப்பை சாக்வா (கல்வித் தகுதிகளைச் சரிபார்க்கும் அரசு அமைப்பு) வழியாகப் பார்க்கிறோம். அனுபவத்துக்கு ஐ.ஆர்.பி.5, அதாவது முதலாளி தரும் வருமான வரிச் சான்றிதழ், கேட்கிறோம். போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் முதலில் விண்ணப்பதாரரிடம் சம்மதம் எழுதி வாங்குகிறோம். ரெஃபரன்ஸுக்கு சி.வி.யில் இருக்கும் செல் நம்பரை நம்புவதே இல்லை. கம்பெனியின் பொது நம்பரை நாங்களே தேடி எடுத்துக் கூப்பிடுவோம். பாதிப் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும்.

கால்பன்னி | திங்கள், இரவு 9.58

தேவை: இரண்டு வருட அனுபவமுள்ள ஃப்ரெஷர். வயது 22க்குள். முப்பது வருடம் வேலை பார்த்தவரின் பொறுமை வேண்டும். சம்பளம் பிறகு பேசலாம்.

(என் பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு: டர்பனில் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிச் சாப்பிடும் பன்னி சௌவில் கால் ரொட்டி. ஊரில் தெருவில் மேய்வது அல்ல.)

மூன்றாம்சுற்று | திங்கள், இரவு 10.31

கோப்பு அக்கா, உங்கள் மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

நான் ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் கல்லூரி பேட்ச்சில் கேம்பஸில் வேலை கிடைக்காதவர்கள் நாற்பது பேர் இருப்போம். ஆஃப் கேம்பஸில் எங்கே போனாலும் 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா' என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டால் ஃப்ரெஷர் வரிசையிலும் சேர்க்க மாட்டார்கள். 'பேட்ச் முடிந்துவிட்டது, இந்த வருடம் பாஸ் ஆனவர்கள் மட்டும்' என்பார்கள். அப்போதுதான் கோர்ஸ் நடத்தும் இடத்தில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, 'மூணு வருஷம் போட்டுத் தரேன், எல்லாரும் அப்படித்தான் போறாங்க' என்பார். அந்த 'எல்லாரும்' என்ற வார்த்தைக்குத்தான் நாற்பதாயிரம்.

நான் போடவில்லை. நல்லவன் என்பதால் அல்ல, என்னிடம் நாற்பதாயிரம் இல்லை. போட்ட என் ரூம்மேட் இன்று டீம் லீட். வேலையும் நன்றாகத்தான் செய்கிறான். ஆனால் ஒவ்வொரு முறை கம்பெனி மாறும்போதும் பி.ஜி.வி. (பின்னணிச் சரிபார்ப்பு) முடியும்வரை அவனுக்குத் தூக்கம் கிடையாது. ஆரம்பத்து மூன்று வருடத்தை எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. பி.எஃப். ஹிஸ்டரி ஆன்லைனில் வந்த பிறகு இன்னும் மோசம். 2022இல் பெரிய கம்பெனிகள் இந்தியாவில் போலிக் கடிதக்காரர்களைக் கூட்டமாக வெளியே அனுப்பியபோது பத்து நாள் என்னோடு போனிலேயே இருந்தான்.

பையனைத் தப்பு சொல்லுங்கள், சரி. அந்தக் கடிதத்தை விற்றவனை யாராவது கேட்டீர்களா? அவன் கடை இன்றும் திறந்திருக்கிறது.

கோப்பும்காப்பியும் | திங்கள், இரவு 10.44

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் உங்கள் ரூம்மேட் உட்கார்ந்த நாற்காலி யாருடையது? நாற்பதாயிரம் இல்லாத உங்களுடையது. அவனுக்காக நீங்களே வாதாடுகிறீர்கள், அதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

மூன்றாம்சுற்று | திங்கள், இரவு 10.46

வலிக்கிறது அக்கா.

பழைய சாட்ஸ்வொர்த் | செவ்வாய், காலை 6.20

நான் கோயில் பாடசாலையில் தமிழ் படித்தவன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் இல்லாத அனுபவத்துக்குக் காகிதம் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுக் கதை தலைகீழ். என் அப்பா நேட்டால் வடகரையில் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் இருந்தார். இருபத்தாறு வருடம். சத்தத்தைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லுவார். ஆனால் காகிதத்தில் அவர் கடைசி வரைக்கும் 'லேபரர்'. அவர் வேலை சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பையன்கள் ஆர்ட்டிசன் (சான்று பெற்ற தொழிலாளி) ஆனார்கள், கையெழுத்துப் போட்டார்கள், சம்பளம் வாங்கினார்கள். 1956 தொழில் சட்டத்தில் 77ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்த வேலை எந்த நிறத்துக்கு என்று மந்திரி ஒதுக்கி வைக்கலாம். அனுபவம் யாருக்கு இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

எனக்குக் காலம் கொஞ்சம் மாறியது. நானும் அப்ரென்டிஸ் ஆகாமல் கைவேலையாகக் கற்றவன்தான். எண்பதுகளில் ஒலிஃபான்ட்ஸ்ஃபொன்டேன் போய் டிரேட் டெஸ்ட் எழுதினேன். எழுதினேன் என்பது தப்பு, செய்தேன். ஒரு தகடு, ஒரு வரைபடம், ஒரு நேரம். செய்து மேஜையில் வைத்தால் அளந்து பார்ப்பார்கள். டெஸ்டுக்கு உட்காரப் பழைய முதலாளியின் கடிதம் கேட்டார்கள்தான். ஆனால் தகட்டை அளக்கும்போது அந்தக் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பேப்பரோடு ஊர் வந்த அன்று அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

மிட்ராண்ட் தம்பி, உங்கள் 12 தப்பு வைத்த பரீட்சை எங்கள் தகடு மாதிரி. அதை ஏன் கடைசியில் வைத்தீர்கள்? முதலில் வைத்திருந்தால் அந்தப் பொண்ணும் வந்திருக்கும், இந்தப் பையனும் பொய் சொல்லாமலே வந்திருப்பான்.

மிட்ராண்ட்வாசி | செவ்வாய், காலை 7.55

ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானூறு பேருக்கு இரண்டு மணி நேரப் பரீட்சையா என்று எச்.ஆர். கேட்பார்கள். ஆனாலும் யோசிக்கிறேன்.

வன்னிக்காற்று | செவ்வாய், மதியம் 1.15

கேப் டவுனில் இருந்து எழுதுகிறேன். கோப்பு அக்கா சொன்ன சரிபார்ப்பு எல்லாம் நல்லது. ஆனால் அது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு நடக்கிறது: நீங்கள் முன்பு வேலை பார்த்த இடம் இன்றும் இருக்கிறது என்று.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். 2009இல் கட்டடமும் இல்லை, பேரேடும் இல்லை, மனேஜரும் இல்லை. இங்கே அகதி விசாவோடு வந்து நேர்முகத்தில் 'ரெஃபரன்ஸ்?' என்று கேட்டால் யாருடைய நம்பரைக் கொடுப்பேன்? ஒரு ஏஜென்சியில் ஒரு பெண்மணி நல்ல மனதோடுதான் சொன்னார், 'அந்த ஆறு வருடத்தை எடுத்துவிடுங்கள், உறுதிப்படுத்த முடியாததைப் போட்டால் சந்தேகம் வரும்.' அதையும் எடுத்துப் பார்த்தேன். அப்போது 'ஆறு வருடம் என்ன செய்தீர்கள், இடைவெளி இருக்கிறதே' என்றார்கள்.

காசு கொடுத்து வாங்கிய பொய்க்கு போன் எடுக்க ஆள் இருக்கிறது. என்னுடைய உண்மைக்கு ஆள் இல்லை.

கடைசியில் பாரோவில் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய இன்வாய்சைக் கொடுத்து, 'மூன்று நாளில் இதை ஒழுங்கு பண்ணு' என்றார். பண்ணினேன். மூன்று நாளுக்கும் சம்பளம் கொடுத்துத்தான் பேசினார். அதைச் சொல்லவேண்டும். பரீட்சை என்ற பெயரில் ஒரு கிழமை சும்மா வேலை வாங்கிவிட்டு அனுப்புகிறவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள், எனக்கு இரண்டு இடத்தில் நடந்தது.

கோப்பும்காப்பியும் | செவ்வாய், மதியம் 2.02

இதை நான் யோசிக்கவில்லை. எங்கள் படிவத்தில் 'முந்தைய நிறுவனம் மூடப்பட்டது' என்று டிக் செய்ய ஒரு கட்டம்கூடக் கிடையாது.

நேட்டால்பிள்ளை | செவ்வாய், மாலை 5.40

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சட்டம் படிக்கிறேன். மூன்று விஷயம் சொல்லட்டுமா?

இங்கே எல்லோரும் போலிச் சான்றிதழ் சட்டம், 5 வருடச் சிறை என்று சொல்வார்கள். அது 2019இல் கையெழுத்தான என்.க்யூ.எஃப். (தேசியத் தகுதிகள் கட்டமைப்பு) திருத்தச் சட்டம். 5 வருடம் என்று எழுதியிருப்பது உண்மை. ஆனால் அது படிப்பு, பட்டம் பற்றியது. இல்லாத வேலை அனுபவம் அதில் வராது. அதற்குச் சாதாரண மோசடிக் குற்றமும், வேலை போவதும்தான்.

இரண்டாவது, இதைத்தான் யாருமே சொல்லவில்லை. எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி (வேலைவாய்ப்புச் சமத்துவ) சட்டம், 1998, பிரிவு 20. ஒருவர் வேலைக்குத் 'தகுதியானவரா' என்று பார்க்க நான்கு வழி சொல்கிறது: படிப்பு, முன்பே கற்றது, அனுபவம், அல்லது நியாயமான காலத்துக்குள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் திறன். நான்கில் ஒன்று இருந்தாலும் போதும். அதோடு, சம்பந்தப்பட்ட அனுபவம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நியாயமில்லாமல் ஒதுக்கக்கூடாது என்று தனியாக ஒரு வரியும் இருக்கிறது. அரசாங்கமே 2019 ஏப்ரலில் தன் ஆரம்பநிலை வேலைகளில் அனுபவ நிபந்தனையை எடுத்துவிட்டது.

மூன்றாவது, இது எல்லோருக்கும் பொருந்தாது, அவசரப்பட வேண்டாம். அந்தப் பகுதி பெரிய முதலாளிகளுக்கு. 2025 ஜனவரியிலிருந்து 50 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள். பாதுகாக்கப்படுபவர்கள் இந்த நாட்டுக் குடிமக்களான கறுப்பினத்தவர் (சட்டத்தின் கணக்கில் இந்தியர்களும் அதில் சேர்த்தி), பெண்கள், மாற்றுத்திறனாளிகள். ஃபீனிக்ஸ் அக்கா அதற்குள் வருவார். கோயம்புத்தூர்ப் பையன் வெறும் பெர்மனன்ட் ரெசிடென்ட்தான் என்றால் வரமாட்டான்.

மிட்ராண்ட் அங்கிள், உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர்?

மிட்ராண்ட்வாசி | செவ்வாய், மாலை 6.03

நூற்றுப்பத்து.

கால்பன்னி | செவ்வாய், மாலை 6.05

அங்கிள் இப்போது வேறு கேள்வியோடு புது இழை தொடங்க வேண்டியிருக்கும் போல.

வாடகைவீடு | செவ்வாய், இரவு 8.30

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது. நான் ஐ.டி.யில் ஒன்பது வருடம், எல்லாம் உண்மை, எல்லாவற்றுக்கும் பி.எஃப். இருக்கிறது. போன மாதம் ஜோஹானஸ்பர்க்கில் ஒரு நேர்முகத்தில் முதல் இருபது நிமிடம் நான் போலி இல்லை என்று நிரூபிப்பதிலேயே போனது. கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள், பக்கத்தில் யாராவது பதில் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பார்க்க. ஏன் என்று கேட்டேன். 'சென்னை, ஹைதராபாத் சி.வி. என்றால் எங்களுக்கு ஒரு முன்அனுபவம் உண்டு' என்றார் மரியாதையாக. ப்ராக்ஸி வைத்துப் பேசவிட்டு, சேரும் அன்று வேறு ஆள் வந்த கதை அவர்களுக்கு நடந்திருக்கிறது.

இந்த நாட்டு வேலை விசாவும் இருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த புள்ளி முறையில் 5 முதல் 10 வருட அனுபவத்துக்கு 20 புள்ளி, அதற்கு மேல் 30. மொத்தம் 100 வேண்டும். போலி அனுபவத்தோடு ஒருவன் அதை எட்டினால் ஏமாறுவது முதலாளி மட்டும் இல்லை. மாட்டினால் அடுத்த ஐந்து வருடத்துக்கு நம் எல்லோருடைய ஃபைலும் மெதுவாக நகரும்.

பையன்மீது பரிதாபம் இருக்கிறது. ஆனால் அந்த நாற்பதாயிரத்தில் பாதியை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம்சுற்று | செவ்வாய், இரவு 8.52

இதற்கு என்னால் எதிர்வாதம் செய்ய முடியவில்லை. கேமரா எனக்கும் நடந்தது. என் அறையில் துணி காயப்போட்டிருந்தேன்.

மிட்ராண்ட்வாசி | வெள்ளி, இரவு 10.15

மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை எச்.ஆரிடம் போய், 'இந்த 2 வருடம் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது?' என்று கேட்டேன். சட்டம்படிக்கும் பிள்ளை சொன்னதை வைத்துக் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு பழைய மெயிலைத் திறந்து காட்டினார். 2021இல் நான் அனுப்பியது. அப்போது அவசரத்தில் வேறு ஒரு கம்பெனியின் விளம்பரத்தைக் காப்பி அடித்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு வந்த ஐந்து விளம்பரங்களும் அந்த மெயிலின் பிள்ளைகள். ஏன் இரண்டு, ஏன் ஒன்று இல்லை, ஏன் மூன்று இல்லை? எனக்கே தெரியாது. என் குழுவில் இப்போது இருப்பதிலேயே கெட்டிக்காரி சேரும்போது அவளுக்கு ஏழு மாத அனுபவம். அந்த விளம்பரத்துக்கு முன்னால் வந்தவள்.

பையனைக் கூப்பிட்டேன். எடுக்க முடியாது என்று நேராகச் சொன்னேன். கோப்பு அம்மா சொன்ன கையெழுத்து விஷயத்தை என்னால் தாண்ட முடியவில்லை. 11 தப்பு கண்டுபிடித்தாய், அது உன்னுடையது, அதை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, அந்த மூன்று வருடத்தை சி.வி.யிலிருந்து எடு, எங்கள் பரீட்சையில் என்ன செய்தாய் என்று நான் இரண்டு வரி எழுதித் தருகிறேன் என்றேன். 'அப்போ அந்த மூணு வருஷத்துக்கு என்ன சார் போடுறது?' என்று கேட்டான். உண்மையில் என்ன செய்தாய் என்றேன். முதல் வருடம் அம்மாவுக்கு டயாலிசிஸ், கூட இருந்தானாம். அப்புறம் வேலை தேடினானாம். அதைப் போடு என்றேன். 'அதைப் போட்டுத்தான் சார் ஒரு வருஷம் ஒரு கால்கூட வரல' என்றான். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை.

விளம்பரத்தை மாற்றிவிட்டோம். வருடக் கணக்கு இல்லை. முதலில் அரை மணி நேரம், மூன்று தப்பு உள்ள ஒரு சின்னப் பக்கம், ஆன்லைனில், யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாம் சுற்றுக்கு வருபவர்களுக்குப் போக்குவரத்துக் காசு. எச்.ஆர். முனகினார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

ஃபீனிக்ஸ் பெண்ணுக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. போன திங்கள் உம்லாங்காவில் ஒரு கால் சென்டரில் சேர்ந்துவிட்டாராம், மூன்று மாதம் ப்ரொபேஷன், உடனே விட முடியாது, வீட்டில் இவர் சம்பளம்தான். காரணத்தைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

கோப்பும்காப்பியும் | வெள்ளி, இரவு 10.40

அந்தப் பெண்ணுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். யெஸ் முடித்த கம்பெனியிலிருந்து சர்வீஸ் சர்டிபிகேட் வாங்கினாளா? 1997 வேலை நிபந்தனைச் சட்டம், பிரிவு 42. சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன வேலை, கடைசிச் சம்பளம், எல்லாம் எழுதித் தரவேண்டியது முதலாளியின் கடமை. பாதிப் பேர் கேட்பதே இல்லை. கால் சென்டரை விடும்போதும் வாங்கச் சொல்லுங்கள். வன்னிக்காற்று எழுதியதைப் படித்ததிலிருந்து இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்பெனி இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

பழைய சாட்ஸ்வொர்த் | சனி, காலை 6.05

அந்தப் பொண்ணு ஃபீனிக்ஸில் எந்தப் பக்கம் என்று இங்கே எழுதவேண்டாம். என் நம்பரைத் தனியாக உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன் தம்பி, அவளிடம் கொடுங்கள். என் பேத்தி உம்லாங்காவில்தான் வேலை பார்க்கிறாள், டெஸ்டிங் இல்லை, ஆனால் அவள் கம்பெனியில் அந்தக் குழு இருக்கிறது. பையனுக்கும் கொடுங்கள். தகடு நன்றாகச் செய்திருக்கிறான்.

கால்பன்னி | சனி, காலை 9.30

அந்த மூன்று தப்பு உள்ள பக்கத்தை எங்கே பார்க்கலாம்? எனக்கு அனுபவம் எதுவும் இல்லை. சும்மா கேட்டேன்.

மிட்ராண்ட்வாசி | சனி, காலை 9.41

தனிச் செய்தியில் அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம்தான். கூகுள் பார்க்கலாம், யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது.